முப்பது திரளிகளின் ஈரல்

ஜெயரூபிக்கு மீன் வெட்டத் தெரியாது. சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்து, கருவாடு காயும் மணலில் நடை பழகியவளுக்கு மீன் வெட்டத் தெரியாது என்றால் யார்தான் நம்புவார்கள்? கலியாணமான புதிதில் கணவன் ரஜீவன்கூட நம்பவில்லை. வேலைக்குக் கள்ளமடிக்கிறாள் என்றுதான் நினைத்தான். ஆனால் அதுதான் உண்மை. தாய் குணேஸ்வரி நாள் முழுக்க மீன் கீறி, உப்புப் போட்டு, காயவைத்துப் பிள்ளைகளை வளர்த்தவ. மகள் உதவிக்கு வந்து குந்தினால் கத்தியைப் பறித்துப் பின்னால் வைத்துக்கொள்வா.

"எழும்பு. மணம் கையில பிடிச்சால் கொப்பியிலயும் பிடிக்கும். போய்ப் படி."

ஜெயரூபி போய்ப் படித்தாள். விலங்கியலில் பட்டம் எடுத்தாள், ஏழெட்டு வருசம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள், பிறகு பல்கலைக்கழக வளாகமொன்றில் செய்முறை வகுப்புகளைப் பார்க்கிற வேலை கிடைத்தது. முப்பத்துநாலு வயதில், ஊரில் இனி இவள் படித்தது போதும் என்று எல்லோரும் முடிவெடுத்திருந்த நேரத்தில், கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்தாள். துறை மூலக்கூற்று நச்சியல். நஞ்சு ஒன்று உடம்புக்குள் போனால் கலங்களுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கிற படிப்பு.

"அப்ப ஆரை நஞ்சு வைக்கப் போறாய்?" என்று தாய் கேட்டா.

"ஒருத்தரையும் இல்லை அம்மா. மீன்ர ஈரலைப் பார்க்கப் போறன்."

தொலைபேசிக்குள் தாயின் குரல் உயர்ந்தது. "இதுக்கோடி உன்னை நான் கத்தி தொட விடாமல் படிப்பிச்சனான்?"

விசயம் இதுதான். உடம்புக்குள் வருகிற அழுக்கை முதலில் எதிர்கொள்வது ஈரல். கழிவெண்ணெய் போன்ற சாமான்கள் தண்ணீரில் கலந்திருந்தால், அதைச் சமாளிக்க மீனின் ஈரல் ஒரு நொதியத்தைக் கூடுதலாகச் சுரக்கும். அந்த நொதியத்தை அளந்தால் மீன் எப்படிப்பட்ட தண்ணீரில் சீவித்தது என்று சொல்லலாம். ஜெயரூபி எடுத்துக்கொண்டது திரளி மீன். சேற்றைக் கிளறித் தின்கிற மீன் என்பதால் சேற்றில் என்ன இருந்தாலும் அதன் வயிற்றுக்குள் போகும். கப்பல் வந்துபோகிற திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துத் திரளியையும், ஒரு கப்பலையும் காணாத, கடலோடு தொடுக்கிற இறக்கக்கண்டிக் களப்புத் திரளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. மூன்று பருவம், இரண்டு இடம், ஒவ்வொன்றிலும் முப்பது மீன்.

எழுதும்போது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது. ஆனால் திரளியின் ஈரலோடு ஒட்டியபடி ஒரு சின்னப் பச்சைப் பை இருக்கிறது. பித்தப்பை. அதில் கத்தரிக்கோல் நுனி பட்டால் போதும், பித்தம் சிந்தி ஈரல் முழுக்கப் பரவி, நொதியம் கெட்டுவிடும். முதல் வருசப் பயிற்சியில் பத்து மீனில் ஆறைக் கெடுத்தாள். மேற்பார்வையாளர் பேராசிரியர் குணரத்தினம் ஏசுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இன்னும் பத்து மீன் வாங்கும்" என்பார். அந்த வருசம் விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் அவளுடைய புண்ணியத்தில் மீன்குழம்பு தின்று கொழுத்தார்கள். இப்போது ஐந்து மீனில் ஒன்றைத்தான் கெடுக்கிறாள். அதற்கு நாலு வருசம் பிடித்தது.

இரண்டு பருவம் முடிந்தது. மூன்றாவதில் துறைமுகப் பக்கத்தையும் முடித்துவிட்டாள். இறக்கக்கண்டி மட்டும் மிச்சம். பதிவுக்காலத்தை ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாயிற்று. மார்கழியோடு அதுவும் முடிந்துவிடும், இனி நீட்ட ஏலாது. பட்டப்படிப்புக் குழு தன் கடிதத்தில் தெளிவாக எழுதியிருந்தது: மூன்று பருவமும் முழுமையாக இருந்தால் கலாநிதி, இல்லாவிட்டால் இருப்பதை வைத்து அதற்கு ஒரு படி கீழான முதுதத்துவமாணி. ஐப்பசி நடுப்பகுதியைத் தாண்டிவிட்டது. வாடைக்காற்றோடு மழை இறங்கினால் களப்புக்குள் நன்னீர் பாயும், முகத்துவாரம் உடைக்கும், மீன் எல்லாம் கலைந்துபோகும். அதற்குப் பிறகு பிடிக்கிற மீன் வேறு பருவத்து மீன்.

இறக்கக்கண்டியில் அவளுக்கு மீன் பிடித்துத் தருகிறவர் அபூதாஹிர். முதல் இரண்டு தடவையும் அவருடைய தோணியிலேயே போய், கரைக்கு வந்ததும் ஓலைக் கொட்டிலுக்குக் கீழே குந்தியிருந்து மீனை வெட்டினாள். இந்த முறை அது சரிவரவில்லை. வெட்டியெடுத்த ஈரலை உடனே திரவ நைதரசனில் உறையவைக்க வேண்டும். அந்தச் சாமான் திருகோணமலையில் கிடைப்பது ஒரேயொரு இடத்தில்தான். மாடுகளைச் சினைப்படுத்துவதற்கு விந்து வைத்திருக்கிற மிருக வைத்திய அலுவலகத்தில். அங்கே வேலைசெய்கிற ஸஹாப்தீன், மாட்டுக்காரர்களுக்கு ஊசிக்காரர், ஒவ்வொரு தடவையும் மேலதிகாரியிடம் கேட்டு அவளுடைய குடுவையை நிரப்பித் தருவார். சும்மா தரமாட்டார், ஒரு பகிடியும் சேர்த்துத்தான் தருவார்.

"தங்கச்சி, இதுக்குள்ள நாலு சாதி நாம்பன்ட விந்து இரிக்கி. உங்கட மீன் ஈரலும் இதுக்குள்ள விழுந்திச்செண்டா, பொறக்கிற கண்டு நீந்தும்."

"நீந்தினால் நல்லந்தானே நானா, வெள்ளத்துக்கு உதவும்." அந்தப் பக்கத்து முஸ்லிம் அண்ணன்மார் எல்லோரும் அவளுக்கு நானா, அக்காமார் ராத்தா.

அன்றைக்கு நைதரசன் கொண்டுவருகிற லொறி சுணங்கிவிட்டது. விடியவே அபூதாஹிருக்குத் தொலைபேசி எடுத்தாள். "நானா, நான் வரக் கொஞ்சம் சுணங்கும். மீனைப் பெரிய தொட்டியில உயிரோட வைச்சிருங்கோ. வந்துதான் ஈரல் எடுக்கோணும்."

"ஓம் டீச்சர், நீங்க ஆறுதலா வாங்க."

அபூதாஹிர் சொன்னபடியே செய்தார். முப்பது திரளியைத் தொட்டியில் விட்டார். இரவிரவாக வலையோடு நின்ற அலுப்பு. மனைவி ரபீக்காவிடம், "டீச்சர் ஈரல் எடுக்க வருவாவாம், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

ரபீக்கா பார்த்துக்கொண்டாள். போன தடவை நடந்ததை அவள் மறக்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் டீச்சர் மூன்று மணித்தியாலமாக ஒவ்வொரு மீனாக வெட்டி, முடிவில் தலைசுற்றி அந்த மணலிலேயே சரிந்துவிட்டா. ரபீக்காதான் தேசிக்காய்த் தண்ணி கரைத்துக் கொடுத்து, முந்தானையால் விசிறினாள். படித்த பிள்ளை, தூரத்தில் இருந்து வருகிற பிள்ளை. அந்தப் பிள்ளையைத் திரும்பவும் இந்தக் குடலுக்குள்ளும் செதிலுக்குள்ளும் குந்தவைப்பதா? அந்த வீட்டில் மரியாதையான ஆளுக்கு முழு மீனைத் தூக்கிக் கொடுக்கிற பழக்கமே இல்லை.

ஒன்பது மணிக்கு ஸஹாப்தீன் ஓட்டோவில் குடுவையோடு அவளைக் கொண்டுவந்து இறக்கினார். தொட்டி கவிழ்த்துக் கழுவி வைத்திருந்தது. ரபீக்கா சிரித்த முகத்தோடு குசினியில் இருந்து வந்தாள். ஒரு கையில் பெரிய சட்டி. அதற்குள் செதில் உரித்து, குடல் எடுத்து, வரிசையாக அடுக்கிய முப்பது திரளி. மற்றக் கையில் பீங்கான் கோப்பை.

"கஷ்டப்படாதீங்க டீச்சர். எல்லாம் செஞ்சி வெச்சிட்டன். முப்பது ஈரலும் இந்தா. கழுவி, பழுதாகாம உப்பும் மஞ்சளும் கொஞ்சம் பெரட்டி வெச்சிரிக்கன்."

ஜெயரூபி கோப்பையைப் பார்த்தாள். மஞ்சள் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, முப்பது ஈரலும் ஒரு குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருக்கு ராத்தா" என்றாள். வேறு என்ன சொல்வது?

"பித்து ஒண்டுகூட ஒடையல்ல, பாத்துக்கங்க."

அது உண்மைதான். முப்பதில் ஒன்றில்கூடப் பச்சைக் கறை இல்லை. ஜெயரூபிக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவள் பிறகு ஒருபோதும் மறுக்கவில்லை. இவற்றைக் கழுவி, பருமனைப் பார்த்துச் சட்டியில் உள்ள மீனோடு பொருத்தி, இலக்கம் போட்டால் என்ன? பெரிய மீனுக்குப் பெரிய ஈரல். கண்டியில் யாருக்குத் தெரியும்? இலக்கங்கள் வரும், வரைபு வரும், பட்டமும் வரும். ஆனால் உப்பிலும் மஞ்சளிலும் ஊறி, எத்தனை மணிக்கு எடுத்தது என்றே தெரியாத ஈரல் சொல்கிற இலக்கம் மீனுடைய இலக்கம் இல்லை. அந்த இலக்கத்தை வைத்து நாளைக்கு ஒருவன், இந்தத் தண்ணீர் நல்லது, அந்தத் தண்ணீர் கூடாது என்று சொல்லப் போகிறான். அவள் கோப்பையை மெதுவாகத் திண்டோரத்தில் வைத்தாள்.

ரபீக்காவிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை. காலை முழுக்கச் செய்த வேலை, அவ்வளவு அன்பு. எடுத்துக்கொண்டு போய் வழியில் எங்கேயாவது கொட்டலாம் என்றுதான் நினைத்தாள்.

ஸஹாப்தீன் அதற்குள் அவளுடைய பெட்டியைத் திறந்து, சின்னக் குப்பிகளைத் தட்டில் அடுக்கத் தொடங்கியிருந்தார். முப்பது குப்பி, முப்பது இலக்கம். போன தடவைகளில் வெட்டுகிற நேரம் குசினியில் நின்ற ரபீக்கா இவற்றைக் கண்டதில்லை; குனிந்து பார்த்தாள்.

"இது என்னத்துக்கு இத்தின?"

"ஒரு மீனுக்கு ஒண்டு" என்றார் ஸஹாப்தீன்.

ரபீக்கா குப்பிகளைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். கடைசியாக ஜெயரூபியின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"டீச்சர்... எந்த மீன்ட ஈரல் எதெண்டு இனித் தெரியாது என்ன?"

ஜெயரூபி ஒரு குப்பியை எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். நான் கெடுத்திட்டன் என்ன?"

"நீங்கள் எனக்கு உதவி செய்தனீங்கள் ராத்தா. நான்தான் வடிவாச் சொல்லேல்லை." அதற்குமேல் மறைக்க ஏலாமல் போயிற்று. கடிதம், மார்கழி, மழை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எத்தின வேணும்?"

"முப்பது. பதினைஞ்சுக்குக் குறைஞ்சால் எங்கட பேராசிரியர் சேர் ஏற்கமாட்டார்."

ரபீக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அறைக்குள் இருந்து அவளுடைய குரல் வளவு முழுக்கக் கேட்டது. "இஞ்ச, எழும்புங்க! டீச்சர்ட நாலு வருசப் படிப்ப நான் மஞ்சள் போட்டுப் பெரட்டிட்டன். எழும்பி வலைய எடுங்க!"

அபூதாஹிர் கண்ணைக் கசக்கியபடி வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். கடல் பக்கம் முகில் கறுத்துக்கொண்டு வந்தது. "இப்பவா? வெயில் ஏறிட்டு, மீன் கண்டலுக்குள்ள ஒளிச்சிரிக்கும். மழையும் வரப் போகிது."

"மழை வந்தா நனைவம். உப்பா நீங்க, கரையிறத்துக்கு?"

கண்டல் மரங்கள் அடர்ந்த பக்கமாக நாலு பேரும் நடந்தார்கள். முழங்கால் தண்ணீரில் அபூதாஹிர் வீச்சு வலையோடு முன்னால், வாளியோடு ரபீக்கா பின்னால். கரையில் ஸஹாப்தீன் குடுவைக்குக் காவல். ஒரு பலகையைக் கழுவி வைத்துக்கொண்டு ஜெயரூபி மண்டியிட்டாள். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இரண்டு திரளி.

அவள் அவசரப்பட்டாள். முதல் மீனில் பித்தம் சிந்தியது. இரண்டாவதிலும் சிந்தியது. இரண்டும் போயிற்று. அடுத்த வீச்சில் வந்த மீனுக்குக் கத்தரிக்கோலை எடுத்தபோது ரபீக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தள்ளுங்க டீச்சர். நீங்க வயித்துப் பக்கம் இருந்து இழுக்கிறீங்க. தொண்டைப் பக்கம் புடிச்சி உசத்தணும். அப்ப பித்து கீழ தொங்கும், ஈரல் மேல வரும்."

நாலு வருசப் பயிற்சியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஜெயரூபி தள்ளி உட்கார்ந்தாள். "கையுறை போடோணும் ராத்தா. கத்தரிக்கோலை ஒவ்வொரு மீனுக்கும் இதுக்குள்ள கழுவோணும். ஈரலைத் தண்ணியில நனைக்கக் கூடாது. மஞ்சளும் வேண்டாம்."

"மஞ்சளச் சொல்லிக் காட்டாதீங்க" என்றாள் ரபீக்கா, கையுறையை இழுத்து மாட்டியபடி. "இதப் போட்டா கைக்குக் கண் தெரியாமப் போகிதே."

தெரியாமல் போகவில்லை. மீனைத் திருப்பி, ஒரு கீறல், பெருவிரலும் சுட்டுவிரலும் உள்ளே போய் உயர்ந்தன. ஈரல் முழுதாக, சுத்தமாக வெளியே வந்தது. பித்தப்பை அதன் பாட்டில் குடலோடு தொங்கியது. நிமிடம் ஒன்றுகூட ஆகவில்லை. ஜெயரூபி குறட்டால் எடுத்துக் குப்பிக்குள் போட்டாள், இலக்கத்தைச் சொன்னாள், ஸஹாப்தீன் குடுவையைத் திறந்தார். வெள்ளைப் புகை எழும்பியது.

"ஒண்டு" என்று பென்சிலால் குறித்தார் ஸஹாப்தீன். அரசாங்க உத்தியோகத்தர் அல்லவா, நேரத்தையும் பக்கத்தில் எழுதினார். "தங்கச்சி, வெட்டின ஆள்ட பேரையும் எழுதவா?"

"எழுதுங்கோ."

"ரபீக்கா எண்டு மட்டும் எழுதினாச் சரியா, டொக்டர் போடணுமா?"

"நாக்க வெட்டுவன்" என்றாள் ரபீக்கா, தலை நிமிராமல். "பித்து ஒடையாம."

பதின்மூன்றாவது குப்பியோடு மழை வந்துவிட்டது. முதலில் பெரிய பெரிய துளி, பிறகு காற்று. அபூதாஹிர் வலையைச் சுருட்டத் தொடங்கினார். தூரத்தில் ஒரு மின்னல். "போதும், இனித் தண்ணிக்குள்ள நிக்கேலா."

"பதிமூணுதான்" என்றாள் ரபீக்கா.

"மின்னுது, புள்ள."

ஜெயரூபி, "வேண்டாம் நானா, கரைக்கு வாங்கோ" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். ஒரு மனிசனை மின்னலுக்குக் கீழே நிறுத்திவைத்து எடுக்கிற பட்டம் தேவையில்லை என்று அந்த நேரம் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அபூதாஹிர் கரைக்கு ஏறினார். ஏறியவர் திரும்பி நின்று, கரையில் நின்றபடியே, முழு உடம்பையும் முறுக்கி, மழைக்குள் ஒரு வீச்சு வீசினார். வலை வட்டமாக விரிந்து கண்டல் ஓரத்தில் விழுந்தது. இழுத்தபோது பாரமாக வந்தது. இரண்டு ஓரா மீன், ஒரு நண்டு, மூன்று திரளி.

ஸஹாப்தீன் கரைக்குக் கொண்டுவந்த ஓட்டோவின் பின் இருக்கையில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ரபீக்கா அந்த மூன்றையும் வெட்டினாள். மழை இரண்டு பக்கமும் அடித்தது. ஸஹாப்தீன் போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் குடுவைக்குக் குடை பிடித்தார்.

"பதினாறு."

இரண்டு மணிக் கண்டி பஸ்ஸுக்கு முன்னால் அவளைச் சாப்பிடாமல் விடவில்லை. காலையில் வெட்டிய முப்பது திரளியும் குழம்பும் பொரியலுமாக வந்தன. பக்கத்து வீடுகளுக்கும் போயின. மஞ்சள் ஈரலை வெங்காயத்தோடு வதக்கி அபூதாஹிர் தனியாகத் தின்றார். "இந்தப் படிப்பு நல்ல ருசி" என்றார். ரபீக்கா அகப்பையை ஓங்கினாள்.

பேராசிரியர் குணரத்தினம் மறுநாள் குப்பிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மழையில் நனைந்து காய்ந்த குறிப்புத்தாளைப் பார்த்தார்.

"ஒண்டிலயும் பித்தம் இல்லை. ஆர் இந்த ரபீக்கா?"

ஜெயரூபி ஒன்றையும் விடாமல் சொன்னாள். கோப்பையைச் சொன்னாள், தனக்கு வந்த நினைப்பையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல சகுனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"முப்பதுக்குப் பதிலாப் பதினாறு ஏன் எண்டு ஆய்வேட்டில எழுதவேணும். உள்ளபடி எழுதும். பழகாத ஆள் வெட்டினது எண்டு பரீட்சகர் குறை பிடிப்பினம்."

"பழகாத ஆள் நான்தான், சேர். நான் வெட்டின ரெண்டையும்தான் எறிஞ்சனான்."

அவர் சிரித்தார். நாலு வருசத்தில் அவர் சத்தமாகச் சிரித்து அவள் கண்டதில்லை. "அதையும் எழுதும்" என்றார். குழுவுக்கு அனுப்புகிற படிவத்தை இழுத்து, கலாநிதி என்ற இடத்தில் அடையாளமிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஜெயரூபி தாழ்வாரத்துக்கு வந்து இறக்கக்கண்டிக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி ஒருதரம் அடிக்க முதல் ரபீக்கா எடுத்துவிட்டாள்.

"ராத்தா, சேர் ஏற்றுக்கொண்டிட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்! ராவு முழுக்க நான் கண் மூடல்ல. அப்ப பட்டம் கெடச்சிட்டா?"

"இன்னும் இல்லை. அளந்து பார்த்து, எல்லாத்தையும் எழுதிக் குடுக்கோணும்."

"இன்னும் எழுதணுமா? எத்தின பக்கம்?"

"இருநூறு வரும்."

"அந்தக் கையளவு ஈரலுக்கா?" ரபீக்காவின் பக்கத்தில் மழைச் சத்தம் கேட்டது. "அப்ப ஏன் டீச்சர் என்னோட நிண்டு கதைக்கிறீங்க? போய் எழுதுங்க. நான் ஃபோன வெக்கிறன்."